பெயர் எழுத வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12-6-1986

அன்புள்ள பெத்தம்மா,

உன்னோடு சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கியவள், ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போன ஏழு வருசத்தில் எனக்கு எழுதியது மூன்றே கடிதம். ஆனால் இப்போது எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். அதனால் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நேரில் வந்திருப்பேன், பதினோரு கிலோமீட்டர்தானே. உன் மில்லுக்கு வெள்ளிக்கிழமை லீவு, என் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு லீவு. என்ன செய்ய?

நான் தபால் வழியாக உளவியல் எம்.ஏ. படிக்கிறேன். "டீச்சர் பைத்தியத்துக்குப் படிக்காங்களாம்" என்று எங்கள் தெருவில் பேச்சு. பைத்தியம் அதில் ஒரு மூலைதான். குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்க்க ஒரு பிரிவு, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க ஒரு பிரிவு, தனியாக இருக்கும்போது சாதுவாக இருப்பவன் கூட்டத்தில் ஏன் கல்லெடுக்கிறான் என்று பார்க்க ஒரு பிரிவு. ஆலையில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒன்று உண்டு, தொழில் உளவியல். அதைத்தான் எடுத்திருக்கிறேன், உன்னை நம்பி.

மனசைத் திறந்து பார்க்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். தள்ளி நின்று ஒருவர் செய்வதைக் கவனிக்கலாம். ஒரே ஆளை வருசக்கணக்காகப் பின்தொடர்ந்து அவர் கதையை எழுதலாம். ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஏதாவது ஒன்றை மாற்றி, என்ன ஆகிறது என்று சோதிக்கலாம். இதற்கெல்லாம் எனக்கு நேரம் ஏது? நான் எடுத்தது கேள்வித்தாள் முறை.

உங்கள் மில்லில் நாற்பது பேர் வேண்டும். முப்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணைச் சுழித்தால் போதும். ஒன்று என்றால் 'ஒருபோதும் இல்லை', ஐந்து என்றால் 'எப்போதும்'. கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்ல ஒரு கோடு விட்டிருக்கிறேன். தாளின் தலையிலேயே 'பெயர் எழுத வேண்டாம்' என்று போட்டிருக்கிறேன். மேனேஜரிடம் அனுமதி வாங்கியாயிற்று. முடிவில் வரும் அட்டவணையில் ஒரு பிரதி தனக்குத் தர வேண்டும் என்றார், அவ்வளவுதான். நல்ல மனிதராகத் தெரிந்தார்.

தாள்கட்டு தனியாக வரும். உன் வீட்டுக்காரர் சோணைமுத்து அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் கிருபாபாய்


ராஜபாளையம்
24-6-1986

அன்புள்ள கிருபா,

நான் மூன்று கடிதம் எழுதியதை எண்ணி வைத்திருக்கிறாய். நீ எழுதியது ஐந்து. நானும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

உன் தாள்கட்டு வந்தது. நான் வேலை பார்க்கிற, நூல் சுற்றும் வைண்டிங்கில் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். தலைப்பிலேயே காரியம் கெட்டது. 'தொழில் உளவியல் ஆய்வு' என்று பெரிசாகப் போட்டிருக்கிறாய். ரத்தினம் அக்கா "தொழில்... உளவு..." என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "ஏட்டி, யாரை உளவு பாக்கச் சொல்லுதாவ? மேனேஜரு குடுத்து விட்டாராக்கும்?" என்றாள். யூனியன் பேச்சுவார்த்தை நடக்கிற சமயம் வேறு. எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"உளவு இல்லக்கா, உளம். உளம்னா மனசு" என்றேன்.

"மனசுன்னா மனசுன்னு போட வேண்டியதுதான?" என்றாள். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

மில் கேட்டில் காவலுக்கு இருக்கும் சங்கையா அண்ணனிடம் மனோதத்துவம் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சிரித்தார். பாவம், அவர் கேட்டுக்கு வந்ததே போன வருசம்தான். அதற்கு முன் ப்ளோரூமில் இருந்தார். பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினில் போடுகிற இடம் அது. பஞ்சோடு ஒரு ஆணி உள்ளே போனால் போதும், பொறி பறந்து தீப்பிடித்துவிடும். அப்படிப் பிடித்த தீயில் அவர் வலது கை வெந்துபோயிற்று. என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை, மூன்றாம் ஷிப்ட்.

நீ அவர் பெயரைப் பொசுக்கென்று எழுதிவிடுகிறாய். நான் இதுவரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வேன்.

'பெயர் எழுத வேண்டாம்' என்ற வரியைக் காட்டிக் காட்டி இதுவரை இருபத்தொரு தாள் வாங்கியிருக்கிறேன். மில்லில் எனக்கு உளவுக்காரி என்று பெயர் வைத்தாயிற்று.

பெத்தம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-7-1986

அன்புள்ள உளவுக்காரிக்கு,

சிரித்து முடிக்க எனக்கு அரைநாள் ஆயிற்று. தலைப்பை மாற்ற முடியாதடி, பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டது.

சில விசயம் முக்கியம், கவனமாகப் படி. அவர்கள் எழுதும்போது பக்கத்தில் நிற்காதே. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எல்லா மனுசரும் நல்லவர்களாகி விடுவார்கள், பதில் பொய்யாகிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியை நீ வாசி. விளக்கம் சொல்லாதே, முகத்தில் எதையும் காட்டாதே, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசி. அவர்கள் சொல்கிற எண்ணை மட்டும் சுழி. உன் எண்ணம் ஒரு துளிகூட அதில் கலக்கக் கூடாது.

ஒரு கேள்வித்தாளுக்கு இரண்டு பரீட்சை உண்டு. அதே ஆளை மறுபடி கேட்டால் அதே பதில் வருமா என்பது ஒன்று. நாம் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது இன்னொன்று. தராசு சரியாக இருந்து, தட்டில் அரிசிக்குப் பதில் உப்பு இருந்தால் என்ன பிரயோசனம்?

இப்போது ஒரு சங்கடம். மூன்றாம் ஷிப்ட் ப்ளோரூமில் பத்து வருசத்துக்கு மேல் வேலை பார்ப்பவர் என்ற கட்டம் என் அட்டவணையில் காலியாகவே நின்றுவிடும் போலிருக்கிறது. காலிக் கட்டத்தோடு போனால் பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், எனக்கு ஒரு வருசம் போய்விடும். உன் வீட்டுக்காரரிடம் (பெயரை எழுதவில்லை, போதுமா?) எப்படியாவது ஒரு தாள் வாங்கிவிடு. எனக்காகச் செய்.

கிருபா


ராஜபாளையம்
3-8-1986

அன்புள்ள கிருபா,

நாற்பதும் அனுப்பிவிட்டேன். கடைசியில் நாலாக மடித்திருப்பது ப்ளோரூம். காலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துக்கொண்டே அவர் சொன்னார், நான் சுழித்தேன். நீ சொன்னபடி ஒரே குரலில்தான் வாசித்தேன்.

என் தாளும் அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். எனக்கென்ன குறை?

ஒன்று கேட்க வேண்டும். ஐந்து என்று சுழித்திருந்தால் அது தப்பா? அப்படி நிறையப் பேர் போடுவார்களா?

எண்ணிப் பார்த்து முடிந்ததும் தாள்களை எரித்துவிடு.

பெத்தம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-1-1987

அன்புள்ள பெத்தம்மா,

ஆய்வேடு ஏற்கப்பட்டது! மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் உனக்கு நன்றி எழுதியிருக்கிறேன், ஆனால் பெயர் போடவில்லை. போட்டால் உன்னை உளவுக்காரி என்பார்களே.

என் ஏட்டிலேயே பேராசிரியருக்குப் பிடித்தது எது தெரியுமா? ஒரே ஒரு தாள். எது என்று சொல்லக்கூடாது. ஆனால் உன்னிடம் எதை மறைத்தேன்? முதல் ஏழு கேள்விக்கு ஒன்று, ஒன்று என்று போட்டவர், எட்டாவதிலிருந்து நாலும் ஐந்துமாகப் போட்டிருக்கிறார். எட்டாவது கேள்வி, 'வேலை இடத்தை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதுண்டா?' என்பது. ஆரம்பத்தில் மனசைப் பூட்டி வைத்தவர், கேள்வி போகப் போகத் திறந்துவிட்டார் என்று அதற்கே இரண்டு பக்கம் எழுதினேன். கடைசிக் கோட்டில் 'சங்கு ஊதினால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்' என்று ஒரு வரி. மில்லை விட்டு ஓடத் துடிக்கும் மனம் என்று விளக்கம் கொடுத்தேன். பேராசிரியர் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார்.

எனக்குச் சந்தோசமாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. அண்ணன் சிரித்துப் பேசுகிற மனுசராச்சே. உள்ளே இவ்வளவு வைத்திருந்தாரா? நீ அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

மேனேஜருக்கு அட்டவணைப் பிரதியைக் கொடுத்துவிட்டேன். "பிரமாதம் டீச்சர்" என்றார்.

உன் கிருபா


ராஜபாளையம்
26-3-1987

கிருபாபாய் டீச்சருக்கு,

போன மாதம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விட்டார். மேஜை மேல் உன் அட்டவணை. நீ அடிக்கோடு போட்டு அழகாக எழுதிய அட்டவணை. 'ப்ளோரூம், மூன்றாம் ஷிப்ட், பத்து வருசத்துக்கு மேல். எண்ணிக்கை 1. சராசரி 3.8.' மற்ற கட்டம் ஒன்றுகூட இரண்டைத் தாண்டவில்லையாம். பத்து வருசத்துக்கு மேல் அந்த ஷிப்டில் ப்ளோரூமில் இருக்கிற ஆள் யார் என்று மேனேஜருக்குத் தெரியாதா? கேட்டில் இருக்கிற நாய்க்கே தெரியும்.

"உன் மனசுல இம்புட்டுப் பயம் இருக்குன்னு போட்டிருக்கேய்யா" என்றாராம்.

"நான் அப்படிச் சொல்லலையே சார். எனக்கு என்ன பயம்?" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"எப்ப எழுதுனே?"

"படுத்துக்கிட்டுச் சொன்னேன் சார். தூக்கக் கலக்கம்."

"அப்பத்தான்யா உள்ள இருக்கிறது வெளிய வரும். பயந்த ஆளைத் தீ பிடிக்கிற இடத்துல வச்சுக்கிட்டு நான் பதில் சொல்ல முடியாது" என்றாராம்.

பஞ்சுக் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். அங்கே இவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை, சும்மா உட்கார வேண்டும். பிறகு, பயம் இல்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். எந்த டாக்டர் என்ன என்று எழுதிக் கொடுப்பார்? திங்கள்கிழமை கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வருசம் அந்தப் பஞ்சைத் தின்றவர்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏட்டி, நான் தூக்கத்துல என்னட்டி சொன்னேன்?"

பெயர் எழுத வேண்டாம் என்றாய். நாற்பது பேர் உன்னை நம்பி எழுதவில்லை, என்னை நம்பி எழுதினார்கள். ரத்தினம் அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தது தப்பே இல்லை. உளவுதான் அது.

இனி எனக்கு எழுதாதே.

பெத்தம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10-4-1987

பெத்தம்மா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நீ கிழித்துப் போட்டாலும் சரி.

உன் கடிதம் வந்த அன்றே மில்லுக்கு வந்தேன். மேனேஜர் காப்பி வாங்கிக் கொடுத்தார். "பாதுகாப்புக்காகத்தான் டீச்சர், உங்க ஆராய்ச்சி நல்ல சமயத்துல உதவுச்சு" என்றார். அந்தக் காப்பியை நான் குடித்துத் தொலைத்தேன். உன் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்விட்டேன்.

நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அது உண்மை. கணக்கிலும் பிழை இல்லை. என் குற்றம் அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே ஆள் இருக்கிற கட்டத்துக்குச் சராசரி போட்டேன். ஒருவருக்கு ஏது சராசரி? அது அவர் முகத்தை வரைந்து கொடுத்த மாதிரி. காலிக் கட்டம் இருக்கக் கூடாது என்ற அவசரத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. பேராசிரியருக்கும் தோன்றவில்லை. இப்படிச் சொல்வது சாக்கு என்று எனக்கே தெரிகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்தப் பயம் அவருக்குள் இருந்தது பெத்தம்மா. தாளில் இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டே அவர் அந்த மெஷின் பக்கத்தில் நின்றிருந்தால், நாளைக்குச் சங்கையா அண்ணனுக்கு நடந்தது அவருக்கும் நடந்திருக்கலாம். வேறு மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுது.

கிருபாபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-8-1990

பெத்தம்மா,

மூன்று வருசமாக நீ எனக்கு எழுதவில்லை. இதுவும் பதிலை எதிர்பார்த்து எழுதுவது இல்லை.

ஆடிப்பூரக் கூட்டத்தில் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முடி நரைத்திருக்கிறது. கையில் ஒரு மஞ்சள் பை. கண்டக்டரிடம் "ராஜபாளையம் போகுமா?" என்று கேட்டார். போகும் என்றார். ஏறினார். உட்கார்ந்தவர் எழுந்து மறுபடி கேட்டார். கீழே இறங்கி போர்டைப் படித்தார். டிரைவரிடம் கேட்டார். "எத்தனை தடவைய்யா சொல்ல?" என்று கண்டக்டர் சத்தம் போட்டதும் ஒதுங்கி நின்றுகொண்டார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கும் அதே மாதிரி.

நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளி நின்று கவனிப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பக்கத்தில் போய் "வாங்கண்ணே, நான் ஏத்திவிடுதேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது தபால் வழியில் படிப்பவர்களுக்கு நேர்முக வகுப்பில் நானே பாடம் எடுக்கிறேன். ஆய்வு முறைகள்தான் என் பாடம். இரண்டு விசயம் சேர்ந்து வந்தால் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று முடிவு கட்டாதீர்கள் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். அவரைப் பார்த்த பிறகு அதை எழுதும்போது பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?

கிருபா


ராஜபாளையம்
14-9-1992

கிருபா,

ஐந்து வருசம் கழித்து எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் இது. மேனேஜர் ரூமுக்குப் போய் வந்த நாளிலிருந்துதான் அவர் இப்படி இருக்கிறார். அதற்கு முன் அவருக்கு ஒன்றும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னைத் திட்டி எழுதிய கடிதத்திலும் சொல்லவில்லை. உன் மேல் கோபத்தைப் போட்டுக்கொண்டால் இதை மறந்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்தத் தாள் அவருடையது இல்லை.

அன்றைக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். "உன் சேக்காளிக்கு வேற சோலி இல்ல, சரி வாசி" என்றார். வாசித்தேன். "ஒண்ணு, ஒண்ணு போடு, அதெல்லாம் இல்ல" என்று ஏழு கேள்வி வரைக்கும் சொன்னார். எட்டாவது கேள்வியை வாசித்தேன். பதில் வரவில்லை, தூங்கிவிட்டார். உலுக்கினேன், எழுந்திருக்கவில்லை. தபால் கட்ட வேண்டிய நாள் அது. சரி, எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை வைத்தேன்.

அந்தக் கேள்வியை மறுபடி எனக்கே வாசித்தேன். 'வேலை இடத்தை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதுண்டா?' எனக்குப் படபடத்தது கிருபா. சங்கையா அண்ணன் கை வெந்த நாளிலிருந்து தினமும் எனக்குப் படபடத்தது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து காலைச் சங்கு ஊதித் திரும்பி வருகிற வரைக்கும் நான் நானாக இல்லை. ஐந்தைச் சுழித்தேன். அடுத்ததையும் வாசித்தேன். தூக்கம் வருவதில்லையா, பசி குறைந்ததா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று உன் தாள் என்னைக் கேட்டுக்கொண்டே போனது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.

என் தாளில் எழுதியிருக்கலாமே என்பாய். என் தாளை வைண்டிங்கில் பத்துப் பேர் எட்டிப்பார்க்க எழுதினேன். அதில் எப்படி எழுதுவேன்? இந்தத் தாளில் பெயர் எழுதச் சொல்லியிருந்தால் அவர் பெயரை எழுத வேண்டும், நான் தொட்டிருக்கவே மாட்டேன், அப்படியே வைத்திருப்பேன். பெயர் வேண்டாம் என்று போட்டிருந்தாய். அதனால் அது யாருடைய தாளும் இல்லை என்று நினைத்தேன்.

போன மாதம் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "என்னைத் தேத்துததுக்குச் சொல்லுத. காகிதத்துல இருக்குட்டி. படிச்ச பிள்ள எண்ணிப் பாத்துப் போட்டிருக்கு" என்கிறார். அடுப்பை அணைத்தேனா என்று பத்துத் தடவை வந்து பார்க்கிறார். பீடி குடிப்பதை விட்டுவிட்டார், தீக்குச்சியைத் தொட மாட்டார். சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்கிறார். பொதியை ஒற்றை ஆளாகப் புரட்டிய கை அது.

நான் சொல்வதை நம்பாதவர் நீ எழுதினால் நம்புவார். அந்தத் தாளில் இருப்பது அவர் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பெத்தம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1-10-1992

என் பெத்தம்மா,

நீ சொல்லியும் நான் தாள்களை எரிக்கவில்லை. ஆய்வுக்குச் சான்று வேண்டும் என்று ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் தேடி எடுத்தேன்.

ஏழு சின்னச் சுழி, அவசரச் சுழி. எட்டாவதிலிருந்து தாளின் மறுபக்கம் தடவினால் விரலில் உறைக்கிறது, அவ்வளவு அழுத்தம். இதை வைத்து நான் இரண்டு பக்கம் எழுதினேன். தாளைத் திருப்பித் தடவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசி வரி, 'சங்கு ஊதினால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.' ப்ளோரூமுக்குள் நிற்கிற ஆளுக்கு வாசல் ஏது? சங்கு ஊதினால் வாசலைப் பார்ப்பது வீட்டில் இருப்பவள். உன்னோடு ஒரே பெஞ்சில் பத்து வருசம் உட்கார்ந்தவளுக்கு உன் குரல் அதில் கேட்கவில்லை. உன் தாளில் முப்பது ஒன்று இருந்ததைப் பார்த்தபோது 'இவள் எப்போதும் கெட்டிக்காரி' என்று சிரித்தேனே தவிர, ஏனடி இப்படி என்று ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை.

தராசையும் தட்டையும் பற்றி உனக்குப் பாடம் சொன்னவள் நான்.

தனித்தாளில் அண்ணனுக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட முத்திரையும் வைத்திருக்கிறேன். முத்திரை வைத்தால் நம்புவார் அல்லவா? மூலத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். எட்டாவது கேள்வியில் அவர் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல். பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டேன், அந்த ஏட்டின் முடிவு தவறு என்று. என்ன செய்வார்களோ செய்யட்டும்.

இன்னொன்றும் நான் சொல்லியாக வேண்டும். இல்லாத நோய் ஒருவருக்கு இருக்கிறது என்று பெரியவர்கள் நாலு பேர் சொன்னால் அவருக்கு அது வந்துவிடும் என்று என் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் அதற்கு நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். அண்ணனுடைய பயத்தை என் ஆய்வு கண்டுபிடிக்கவில்லை. அதுதான் உண்டாக்கியது. நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. உண்மையைச் சொன்ன ஒரே தாள் அதுதான், ஆளைத்தான் நான் மாற்றிப் படித்தேன்.

நான் வரட்டுமா?

கிருபா


ராஜபாளையம்
23-10-1992

அன்புள்ள கிருபா,

உன் தாளை அவரே வாசித்தார். மூன்று தடவை வாசித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீ சொன்னபடி பழைய தாளைத் திருப்பித் தடவிப் பார்க்கச் சொன்னேன். முதல் ஏழைத் தடவினார், எட்டைத் தடவினார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து கீழே வரைக்கும் தடவினார்.

"அப்போ பயந்தது நீயாட்டி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"சங்கையாண்ணன் கை வெந்ததுல இருந்து."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேட்டி."

"நீங்க கேக்கலையே. அந்தத் தாளுதான கேட்டுச்சு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையில் கை வைத்தார். வேலை போன பிறகு அவராக என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்து வருசமாக என் நெஞ்சில் இருந்தது இறங்கியது. இனி சரியாகிவிடும், நாளைக்கே கூட்டிக்கொண்டு போய் எங்காவது வேலை கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சரிட்டி, அது உன் பயம். நான் ஒத்துக்கிடுதேன்" என்றார். "அப்போ இப்ப எனக்கு இருக்குற பயம் யாரோடது?"

அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார் கிருபா. நீ வருவதென்றால் வா. வரும்போது இதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.

பெத்தம்மாள்